நித்யாவின் வலது கையும் நான் சொன்ன இரண்டு வார்த்தைகளும்

"அம்மா, காது கேக்கல" என்றுதான் நித்யா முதலில் சொன்னாள். கையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

கடையின் பக்கவாசலில் நின்றிருந்தாள். பள்ளி விளையாட்டுச் சட்டையின் முன்பகுதியைச் சுருட்டி, அதற்குள் வலது கையை வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். மஞ்சள் நிறச் சட்டை. அது சிவந்துகொண்டிருப்பதைக் கண்கள் பார்த்தன, மனம் ஏற்கவில்லை. "ரோஸ் சிரப் போத்தல உடைச்சிட்டியா?" என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன். 

வெடிச் சத்தம் எனக்கும் கேட்டிருந்தது. தீபாவளி முடிந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்த வாரங்களில் வெடிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) யாருக்கும் இல்லை.

என் பெயர் தேவி. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பெக்கான் நானாஸில், வீடுகளுக்கு நடுவே உள்ள கடை வரிசையில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கணவர் செல்வம் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை செய்கிறார். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போனால், பொழுது சாய்ந்துதான் திரும்புவார். நித்யா எங்கள் ஒரே பிள்ளை. அப்போது பதினொரு வயது, தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு.

உங்கள் பிள்ளைக்கும் இப்படி ஏதேனும் நேர்ந்து, இப்போது ஏதோ ஒரு மருத்துவமனை நடைபாதையில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் நல்லதுதான்.

கடையில் அப்போது பள்ளி வேன் ஓட்டும் ரவி அண்ணன் இருந்தார். என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போய்ச் சட்டையைப் பிரித்துப் பார்த்தார். உடனே மூடிவிட்டார்.

"அலமாக்... தேவி, வேன் சாவி மேசையில இருக்கு, எடு. எடுலா!"

நான் சாவியை எடுக்கவில்லை. பற்பசை எடுத்தேன். சூடு பட்டால் பற்பசை போடவேண்டும் என்று யாரோ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. அலமாரியிலிருந்து ஒரு புதுப் பெட்டியை உடைத்து, என் மகளின் கருகிய மணிக்கட்டில் பிதுக்கித் தேய்த்தேன். அவள் அப்போதுதான் கத்தினாள்.

இதை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பற்பசை, கிச்சாப் (சோயா சாஸ்), மஞ்சள், வெண்ணெய், எதுவும் போடாதீர்கள். சூடு பட்ட இடத்தில் சுத்தமான குழாய்த் தண்ணீரை ஓடவிடுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். பிறகு வண்டியில் ஏறுங்கள். நான் போட்ட பற்பசையை மருத்துவமனையில் ஒரு தாதி அரை மணி நேரம் துடைத்து எடுத்தார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ரவி அண்ணன் வேனில் கொண்டுபோன ஊர் கிளினிக்கில் கட்டுப்போட்டு, ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஜொகூர் பாரு பெரிய மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஸ்கூடாயில் வேலை விட்ட நேரத்து நெரிசல். சைரன் அலறியது, வண்டிகள் நகர இடமில்லை. கண்ணாடி வழியாக, பக்கத்துக் காரில் ஒரு பெண் பின்னிருக்கைப் பிள்ளைக்கு ரொட்டி பிய்த்துக் கொடுப்பதைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் வாங்கியது.

"அம்மா, ஆயிஷா எங்க?" என்று நித்யா கேட்டாள். அவளுக்குக் காது சரியாகக் கேட்காததால் மிகவும் உரக்கக் கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு அந்த இன்னொரு பிள்ளையின் நினைவே வந்தது.

ஆயிஷா எங்கள் அடுத்த வீட்டு மலாய்க்காரப் பெண் காக் ரோஸின் ('காக்' என்றால் அக்கா) மகள். பத்து வயது. பள்ளி வேறு, மொழி வேறு. ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இருப்பார்கள். அன்றைக்குத் தாய் சொல்லி முட்டை வாங்க வந்திருந்தாள்.

அவசரப் பிரிவில் பணியில் இருந்த டாக்டர் ஃபரிடா, கை அறுவை மருத்துவர். என்னைவிட வயதில் சிறியவர். என்னைப் புவான் (அம்மா) என்று அழைத்து மலாயில் பேசினார்.

"என்ன வெடி? எவ்வளவு பெருசு?"

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே அடுத்ததைக் கேட்டார்.

"பிள்ளைக்கு எங்கேருந்து கெடச்சது?"

நான் பதில் சொல்லத் தாமதித்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"என் கடையிலேருந்து" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. 'கடை' என்று மட்டும் எழுதினார். எழுதும்போது பேனா ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன்.

நடந்தது இதுதான். நித்யாவும் ஆயிஷாவும் கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில், காலி மாவுப்பால் டின்னுக்குள் ஒரு வெடியை வைத்துக் கொளுத்தினார்கள். டின்னுக்குள் வைத்தால் சத்தம் பெரிதாக வரும் என்று கைப்பேசியில் பார்த்திருக்கிறார்கள். திரி எரிந்து முடிந்தது, வெடிக்கவில்லை. காத்திருந்தார்கள். நித்யா போய் டின்னைக் கவிழ்த்து வெடியைக் கையில் எடுத்தாள். எடுத்ததும் வெடித்தது.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டாவது கணுவுக்கு மேல் இல்லை. கட்டைவிரல் பிளந்திருந்தது. உள்ளங்கையும் மணிக்கட்டும் வெந்திருந்தன. இடது கண்ணில் ஹைஃபீமா (கருவிழிக்குப் பின்னால் ரத்தம் தேங்கி நிற்பது). வலது காதில் செவிப்பறை கிழிந்திருந்தது.

"விரல் துண்டு கெடச்சா ஒட்டவைக்க முடியுமா?" என்று கேட்டேன். ரவி அண்ணன் சந்துக்குத் திரும்பிப் போய்த் தேடிக்கொண்டிருந்தார்.

"கத்தியில வெட்டுப்பட்டா சில சமயம் முடியும், புவான். இது வெடி. சிதைச்சிடும். ஒட்ட அங்க ஒன்னும் இருக்காது."

ரவி அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன், தேடவேண்டாம் என்று. "சரிம்மா" என்றார்.

அறுவைக்கு ஒப்புதல் தாளை நீட்டினார்கள். பேனாவைப் பிடித்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மூன்றும் சேர்ந்துதான் பேனாவைப் பிடிக்கின்றன என்பதை நாற்பது வயதில் முதல்முறையாகப் பார்த்தேன். அதில் இரண்டு இனி அவளுக்கு இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

செல்வம் வேலை உடுப்போடு வந்து சேர்ந்தார். கையில் தலைக்கவசம். அதைக் கீழே வைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. நித்யா அறுவை அறைக்குள் இருந்தாள்.

"எப்படி அவ கைக்குப் போச்சு? கல்லாக்குக் கீழதானே வெச்சிருந்த?"

"தெரியலங்க" என்றேன்.

அது பொய்.

அன்று மாலை நான்கு மணிவாக்கில் ஒருவருக்கு அரிசி நிறுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் நித்யாவின் குரல் கேட்டது. "அம்மா, ஒன்னு எடுத்துக்கவா?" மிச்சமான வெடிகள் கல்லாவுக்குக் கீழே திறந்த பெட்டியில் கிடந்தன. அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். தராசு முள்ளைப் பார்த்தபடியே சொன்னேன்: "ஒன்னுதான், போ."

இரண்டு வார்த்தைகள். அவற்றைச் செல்வத்திடம் சொல்ல எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று.

முதல் அறுவையில் கட்டைவிரலைத் தைத்துக் காப்பாற்றினார்கள். இரண்டு நாள் கழித்து டிப்ரைட்மென்ட் (இறந்த தசையையும் அழுக்கையும் வெட்டி நீக்கும் அறுவை). பிறகு இன்னொன்று. வெடிமருந்துத் துகளும் அட்டைக் காகிதமும் தசைக்குள் ஆழமாகப் போயிருந்தன. ஒரு காகிதத் துணுக்கில் சிவப்பு மை அழியாமல் இருந்ததாக டாக்டர் சொன்னார்.

கண்ணில் ரத்தம் தேங்கியிருந்ததால் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, அசையாமல் படுக்கவைத்தார்கள். ஒரு கண்ணில் மூடி, காதில் பஞ்சு, வலது கை தலையணை அளவுக் கட்டோடு மேலே தொங்கியது. நித்யா எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை. முதல் சில நாட்கள் மூன்று சொல்தான் பேசினாள்: தண்ணி, வலிக்குது, ஆயிஷா.

மூன்றாம் நாள் காக் ரோஸை நடைபாதையில் பார்த்தேன். காது மருத்துவப் பிரிவிலிருந்து ஆயிஷாவை அழைத்துக்கொண்டு வந்தார். ஆயிஷாவின் இடது செவிப்பறையில் பாதி போய்விட்டது. காதுக்குள் ஓயாமல் மணி அடிப்பதாக அந்தப் பிள்ளை அழுகிறது என்றார். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

"நான் முட்டை வாங்கத்தானே அனுப்புனேன், தேவி."



செல்வத்தின் அதிர்ச்சி நாலைந்து நாளில் கோபமாக மாறியது. அவர் முரடர் இல்லை. ஆனால் பயந்தால் கோபப்படுவார். நித்யா கொஞ்சம் தெளிந்ததும் கட்டில் அருகில் உட்கார்ந்து கேட்டார்.

"யார கேட்டு எடுத்த? அம்மாக்குத் தெரியாம திருடி எடுத்தியா?"

நித்யா மூடியில்லாத கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லு! திருடித்தானே எடுத்த?"

"சோரிப்பா" என்றாள்.

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் அவள் அதையே சொன்னாள். பதினொரு வயதுப் பிள்ளை, விரல் போன கையோடு, செய்யாத திருட்டை ஏற்றுக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதை எழுதத்தான் இவ்வளவு காலம் எடுத்தது. நோயைப் பற்றி எழுதுபவர்கள் வலியைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு அந்த நாட்களில் வலியைவிட இதுதான் பெரிதாக இருந்தது. சோறு இறங்கவில்லை. எல்லாரும் மகளுக்காக என்று நினைத்தார்கள்.

பதினொன்றாம் நாள் காலை கட்டுப் பிரித்தார்கள். முதல்முறையாக நித்யா தன் கையைப் பார்த்தாள். டாக்டர் ஃபரிடா அவளிடம் முன்கூட்டியே, "பாக்க வேணான்னா கண்ண மூடிக்கலாம்" என்று சொல்லியிருந்தார். அவள் மூடவில்லை. வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, செல்வத்துக்குக் கேட்காதபடி சொன்னாள்:

"நான் ஒன்னுதாம்மா எடுத்தேன். நெஜமா ஒன்னுதான்."

நான் ரகசியமாகச் சொல்லச்சொன்னது போல அவள் அதை ரகசியமாகச் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை அவள் என் சொல்லை மீறவில்லை. அதை நான் தெரிந்துகொள்ளவேண்டும். அவ்வளவுதான்.

தாதி புதுக் கட்டுப் போட்டுவிட்டுப் போகும்வரை பொறுத்திருந்தேன். பிறகு சொன்னேன்.

"என்னங்க. அவ திருடல. என்கிட்ட கேட்டா. நான்தான் எடுத்துக்கன்னு சொன்னேன்."

செல்வம் புரியாமல் பார்த்தார்.

"நான் திரும்பிக்கூடப் பாக்கல. அரிசி நிறுத்துக்கிட்டு இருந்தேன்."

"இத்தன நாளு...?" என்று தொடங்கினார். எழுந்து, கட்டிலைச் சுற்றி நித்யாவின் இடது பக்கம் போனார். குனிந்து, அவள் நெற்றியில் தன் நெற்றியை வைத்தார். முதுகு குலுங்கியது. நித்யா இடது கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஏன்டா கண்ணு சொல்லல?"

"அம்மா ஏற்கனவே அழுதுகிட்டே இருந்தாங்கல்ல" என்றாள்.

செல்வம் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிவந்து என் மடியில் வைத்தார். "கடையில இருக்கறத என்ன செய்யப்போற?" என்று கேட்டார். அந்தப் பேச்சுதான் முதல் பேச்சு.

கடையில் இருந்த வெடிகளைப் போலீஸார் ஏற்கனவே பார்த்துவிட்டிருந்தார்கள். சில வகைகளை அனுமதி பெற்று விற்கலாம். சிலவற்றை விற்கவே கூடாது. என் கடையில் இரண்டும் கலந்து கிடந்தன. வேனில் கொண்டுவந்து போட்ட மொத்த வியாபாரியிடம் நான் கேள்வி கேட்டதில்லை. வாக்குமூலம் கொடுத்தேன், தண்டனையும் கிடைத்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நியாயமானதுதான்.

மருத்துவமனையிலிருந்து ஒரு நாள் வீட்டுக்குப் போனபோது காக் ரோஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன். நான் அனுமதி கொடுத்ததைச் சொன்னேன். அவர் கதவைப் பிடித்தபடியே கேட்டார்.

"என் மவ உங்க கடையில நின்னது அப்பவே தெரியும்தானே?"

"தெரியும்."

"கொஞ்ச நாளைக்கு வராத, தேவி. நானே கூப்பிடுறேன்."

கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

மூன்றாவது வாரம் ஸ்கின் கிராஃப்ட் (உடம்பின் வேறிடத்திலிருந்து மெல்லிய தோலை எடுத்துக் காயத்தில் ஒட்டவைப்பது) நடந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் வைத்தார்கள். எடுத்த இடத்தின் வலி, வெடித்த இடத்தின் வலியைவிட மோசம் என்று நித்யா சொன்னாள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்லிவைக்கிறேன். கையைப் பார்த்துக்கொள்ளத் தயாராக வந்த தாய்க்குத் தொடையையும் பார்க்கவேண்டியிருக்கும்.

கண்ணில் தேங்கிய ரத்தம் வடிந்தது. பார்வை கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பியது. ஆனால் அடிபட்ட கண்ணில் பின்னாளில் அழுத்தம் கூடலாம் என்பதால் ஆண்டுதோறும் காட்டவேண்டும். செவிப்பறைக் கிழிசல் தானாகவே மூடிக்கொண்டது. ஆயிஷாவுக்கு மூடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எளிதாகிவிடும் என்று நினைத்திருந்தேன். வந்தபிறகுதான் வீடு முழுக்கக் கைப்பிடிகளாக இருப்பது தெரிந்தது. குழாய், பொத்தான், பல் துலக்கி, தலைச்சீப்பு, போத்தல் மூடி. ஒவ்வொன்றின் முன்னாலும் அவள் ஒரு கணம் நின்றாள். நான் ஓடிப்போய்ச் செய்துகொடுத்தேன். ஒரு வாரம் கழித்து மிஸ் லிம் என்னைக் கண்டித்தார்.

மிஸ் லிம் தொழில்வழிச் சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளைப் பழக்கி உறுப்புக்கு மறுபடி அசைவு கொடுப்பவர்). மலாயும் ஆங்கிலமும் கலந்து, நடுவில் எங்களிடம் கற்ற நாலு தமிழ்ச் சொல்லும் போட்டுப் பேசுவார். நித்யா சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டினேன்.

"அம்மா, பொறு. உங்க கை நல்லா இருக்கு, அதுக்குப் பயிற்சி வேணாம்" என்றார்.

அந்தப் பொத்தானைப் போட நித்யாவுக்கு ஒன்பது நிமிடம் ஆனது. நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வாயில் வந்த வசவை நான் கேட்காதது போல இருந்தேன்.

ஒரு மத்தியானம் அவள் அழுதுகொண்டு வந்தாள்.

"வெரலு அரிக்குதும்மா."

"எந்த வெரலு?"

"இல்லாத வெரலு. நுனியில. சொறியவே முடியல."

எனக்குப் பயம் வந்துவிட்டது. மனத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த பயிற்சியின்போதும் அரித்தது. மிஸ் லிம் சிரிக்காமல் விளக்கினார்: இது ஃபேண்டம் உணர்வு (இழந்த உறுப்பு இன்னும் இருப்பதாக மூளை உணர்வது). பலருக்கும் வரும். ஒரு கண்ணாடியை மேசையில் நிறுத்தி, வலது கையை அதன் பின்னால் மறைக்கச் சொன்னார். கண்ணாடியில் இடது கையின் பிம்பம் வலது கை போலவே, முழுதாகத் தெரிந்தது. "இப்ப இடது கை ஆள்காட்டி விரல் நுனியைச் சொறி. கண்ணாடிய மட்டும் பாரு."

நித்யா சொறிந்தாள். கண்ணாடியில் ஐந்து விரலோடு ஒரு வலது கை இருந்தது. அவள் முகம் மெல்ல இளகியது. "போயிடுச்சு" என்றாள் ஆச்சரியத்தோடு. நான் வெளியே வந்து சுவரோடு சாய்ந்து நின்றேன். அந்தக் கையை மறுபடி முழுதாகப் பார்ப்பேன் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

சீனப் புத்தாண்டு நெருங்கியபோது எங்கள் தாமான் குடியிருப்பாளர்கள் மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். வெடி விற்பனையை என்ன செய்வது என்பதுதான் பேச்சு. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் வந்திருந்தார்கள். எல்லாப் பண்டிகைக்கும் வெடி உண்டு, எல்லா வீட்டிலும் பிள்ளை உண்டு. நான் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். காக் ரோஸ் மண்டபத்துக்குப் போவதை வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபிறகு போனேன்.

எதிர்வரிசைக் கடை சேகர் அண்ணன் எழுந்து பேசினார். "நம்ம வித்தா நாலு பேரு பாக்க விக்கிறோம். நிறுத்துனா ஆன்லைன்ல வாங்குவாங்க, ரோட்டோரத்துல வாங்குவாங்க. அது இன்னும் மோசம்லா." அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை.

"பண்டிகைன்னா சத்தம் இருக்கணும்" என்றார் ஒருவர். "முழுசா தடை பண்ணுங்க" என்றார் இன்னொருவர்.

நான் கை தூக்கினேன். தூக்கியபின் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பெட்டி மேல எச்சரிக்கை போட்டிருக்கு. பெரியவங்க கூட இருக்கணும், வெடிக்கலன்னா கிட்ட போகக்கூடாதுன்னு. நான் பெட்டியத் திறந்து ஒன்னு ஒன்னா வித்தேன். முழுப் பெட்டி வாங்கப் பிள்ளைங்களால முடியாதுன்னு. பிள்ளைங்க கையில போனது வெடி மட்டும்தான். எச்சரிக்கை என் கடையிலயே நின்னுருச்சு."

தொடர்ந்து சொன்னேன்.

"அப்பாக்குத் தெரியுமான்னு கேப்பேன். தலையாட்டுவாங்க. குடுத்துடுவேன். எத்தன பிள்ளைங்களுக்குக் குடுத்திருக்கேன்னு எனக்கே தெரியாது. அவங்களுக்கு ஒன்னும் ஆகல, அவ்வளவுதான் வித்தியாசம்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. "ஆனா உங்க பிள்ளைக்கு நீங்களே குடுத்ததா கேள்விப்பட்டேன். தாயே குடுத்தா, கடைய மூடி என்ன ஆகப்போவுது?"

காக் ரோஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா. நான்தான் குடுத்தேன்" என்றேன். "ஆனா சின்னப் பிள்ளைங்களுக்கு விக்கக்கூடாது, பெட்டியப் பிரிக்கக்கூடாதுன்னு கட்டாயம் இருந்திருந்தா, அது அப்படித் திறந்து கெடந்திருக்காது. முட்டாய் மாதிரி வெச்சிருந்தேன். அவளும் முட்டாய் கேக்கற மாதிரி கேட்டா. நானும் முட்டாய் குடுக்கற மாதிரி குடுத்தேன்."

முழுத் தடை வேண்டுமா என்று என்னைக் கேட்டால் எனக்கு இன்றும் உறுதியாகத் தெரியாது. பெரியவர்களுக்கு மட்டும், அனுமதி பெற்ற வகை மட்டும், மூடிய பெட்டியாக மட்டும் விற்கவேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. பிள்ளை வந்து கேட்டால், யார் பிள்ளையாக இருந்தாலும், தாய் தகப்பன் நேரில் வந்தால்தான் கிடைக்கவேண்டும். வெடிக்காத வெடி செத்துவிட்டது என்று நினைக்காதே, கிட்டே போகாதே என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

வரிசையில் இருந்த கடைக்காரர்களில் மூவர் ஒப்புக்கொண்டார்கள். சேகர் அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் விற்கிறார். நான் அந்தப் பக்கம் போனால் மட்டும் பெட்டியைத் துணியால் மூடுகிறார். என் கடையில் வெடி இல்லை. கேட்டு வரும் பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லவேண்டியிருப்பதில்லை. கடையில் நித்யா உட்கார்ந்திருப்பாள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது காக் ரோஸ் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "ஆயிஷாக்கு முட்டை வேணுமாம். நாளைக்கு அனுப்புறேன்."

ஆயிஷா வந்தாள். நித்யாவின் கையைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். நித்யாவும் அழுதாள். பத்து நிமிடம் கழித்து இருவரும் யார் எந்தப் பக்கம் உட்காருவது என்று சண்டை போட்டார்கள். ஆயிஷாவுக்கு வலது காதுதான் நன்றாகக் கேட்கும். நித்யாவுக்கு இடது கைதான் வேலை செய்யும். இருவருக்கும் ஒத்துவரும்படி நாற்காலிகளைப் போட அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் தலையிடவில்லை.

அதன்பிறகு மாதங்கள் போயின. ஆனால் காலம் எனக்குப் பழையபடி ஓடவில்லை. 'வெடிக்கு முன்னால்', 'வெடிக்குப் பின்னால்' என்றே கணக்கு வைத்தேன். பள்ளிச் சுற்றுலா முன்னால். வீட்டுக்குச் சாயம் அடித்தது பின்னால். பழைய படங்களில் அவள் கையைத்தான் முதலில் பார்ப்பேன். யார் வீட்டுப் பிள்ளை வந்தாலும் கண் விரல்களுக்குப் போகும்.

டாக்டர் ஃபரிடா ஒரு சந்திப்பில் சொன்னது என்னை மறுபடி உலுக்கியது. ஒட்டிய தோலும் தழும்பும் நித்யா வளரும் வேகத்துக்கு நீளாது. இழுத்துப் பிடிக்கும் (இதைக் கான்ட்ராக்ச்சர் என்கிறார்கள்: தழும்பு சுருங்கி மூட்டை மடக்கிவிடுவது). அதைத் தளர்த்த இன்னும் ஒன்றிரண்டு அறுவைகள் தேவைப்படலாம். அவள் வளர்ந்து முடியும்வரை வந்துகொண்டே இருக்கவேண்டும்.

"அப்ப எப்ப முடியும், டாக்டர்?" என்று கேட்டேன்.

"வளந்து முடிக்கும்போது" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். குணமாவது என்றால் ஒரு தேதி வரும், அன்றைக்கு எல்லாம் முடியும் என்று இருந்தேன். அப்படி ஒரு தேதி இல்லை. நீங்களும் அதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்றால் மெல்லச் சொல்கிறேன்: காத்திருக்கவேண்டாம்.

போன மாதம் மிஸ் லிம் அறையில் அளவெடுத்தார்கள். இறுக்கமான கையுறை (தழும்பு தடிக்காமல் அமுக்கி வைப்பது) புதிதாகத் தைக்கவேண்டியிருந்தது. நித்யா வலது கையை வெள்ளைத்தாளில் வைத்தாள். மிஸ் லிம் பென்சிலால் கையைச் சுற்றி வரைந்தார். கோப்பிலிருந்து முதல்முறை வரைந்த தாளையும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

புதுக் கோடு பழைய கோட்டுக்கு வெளியே ஓடியது. சுண்டுவிரல் பக்கம், மோதிரவிரல் பக்கம், உள்ளங்கையின் அகலம், தைத்துக் காப்பாற்றிய கட்டைவிரல், எல்லாம். இத்தனை மாதமும் அந்தக் கையில் இல்லாததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணெதிரில், என் கணக்குக்குள் வராமல், அது தன் பாட்டுக்கு வளர்ந்திருந்தது.

"அம்மா, பாருங்க" என்றாள் நித்யா. "கை பெருசாயிடுச்சு."